மூட்டை போகும் வழி



மாதக் கடைசியில் இருப்பு எடுக்கிறோம். ஏட்டில் உள்ளதற்கும் கிடங்கில் உள்ளதற்கும் இரண்டு மூட்டை வித்தியாசம் வருகிறது. உடனே நம் வாயில் வரும் முதல் கேள்வி, "யார் எடுத்தது?" என்பதுதான். பையனைக் கூப்பிடுகிறோம், குமாஸ்தாவை அதட்டுகிறோம். பதில் கிடைக்காவிட்டால் புதிதாக ஒரு பூட்டு வாங்கிப் போடுகிறோம். அடுத்த மாதமும் அதே இரண்டு மூட்டை குறைகிறது.

"யார்?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே?" என்று கேட்டிருந்தால் பாதி வியாதி அன்றைக்கே தெரிந்திருக்கும். சரக்கு வாங்கிய இடத்திலிருந்து பணம் கல்லாவுக்கு வரும் வரை ஒரு மூட்டை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தக் கை மாறும்போது எழுத்து இல்லாமல் போகிறது என்று வரிசையாகப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் என்று பெயர். தமிழில் முறைமை ஆய்வு எனலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்த நாங்களே செய்து பார்த்த காரியம்தான். இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் இந்தக் கலைக்கு வழிகாட்டியவர்களில் நம்மைப் போன்ற உணவுப் பொருள் வியாபாரிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

டீக்கடைக்காரர்கள் காட்டிய வழி

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. 1894இல் லண்டனில் முதல் டீக்கடையைத் திறந்தார்கள். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட டீக்கடைகள், ரொட்டி, கேக் செய்யும் பெரிய அடுமனை, தேயிலைப் பொட்டலம் என்று வளர்ந்தார்கள். சில்லறைக் காசு வியாபாரம். ஒரு கோப்பைத் தேநீரில் நிற்கும் லாபம் மிகச் சிறியது. பில் எழுதும் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு எப்போதும் இருந்தது.

1923இல் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1930களின் தொடக்கத்திலேயே அலுவலக வேலைகளை ஆராய்வதற்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. அதில் இருந்தவர்களின் வேலை என்னவென்றால், ஒரு சீட்டு எங்கே பிறக்கிறது, யார் யார் மேஜைக்குப் போகிறது, ஒரே கணக்கை எத்தனை பேர் திரும்ப எழுதுகிறார்கள் என்று பார்ப்பது. வேலை செய்பவரிடமே போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள்.

இப்படிப் பல ஆண்டுகள் வழியைச் சீர் செய்த பிறகுதான் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். அதையும் தாங்களே கட்டினார்கள். லியோ என்று பெயர் வைத்தார்கள். 1951 நவம்பரில் தங்கள் அடுமனைக் கணக்கை அதில் போட்டார்கள். வியாபாரக் கணக்குக்குக் கம்ப்யூட்டரை வழக்கமாகப் பயன்படுத்தியதில் உலகிலேயே முதல் நிறுவனம் என்று ஒரு டீக்கடை நிறுவனத்தைச் சொல்கிறார்கள் என்றால் நமக்கெல்லாம் பெருமைதானே!

அவர்கள் செய்த ஒரு காரியம் மொத்த வியாபாரிகள் அனைவரும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு டீக்கடையும் நாளைக்கு என்ன வேண்டும் என்று தினமும் முழுப் பட்டியல் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை பட்டியல் போன திங்கட்கிழமைப் பட்டியலிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 1954இல் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிரந்தர ஆர்டர் பதிவில் இருக்கும். கடையை நடத்தும் அம்மையார் போனில், எது கூட, எது குறைய என்று வித்தியாசத்தை மட்டும் சொன்னால் போதும். எழுத்து வேலை குறைந்தது, பிழையும் குறைந்தது. இந்த ஆய்வு வேலையை முன்னின்று நடத்தியவர் டேவிட் கேமினர்.

நம் லைன் வண்டிக்கு ஆர்டர் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். வாரம் தவறாமல் வாங்கும் நாற்பது கடைக்கு ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து எழுதுகிறோமா இல்லையா? கடைக்கு ஒரு நிரந்தரப் பட்டியல் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் எது கூட, எது குறைய அண்ணே?" என்று மட்டும் கேட்டால் எவ்வளவு நேரம் மிச்சம்! கடைக்காரர் சொல்ல மறந்த உளுந்தும் விட்டுப் போகாது.

மளிகைக் கடையைப் பார்த்துக் கற்ற தொழிற்சாலை

இன்னொரு செய்தியும் நமக்குச் சொந்தமானது. ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் இருந்தார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்து குவிப்பதுதான் பெரிய நஷ்டம் என்று கண்டவர். அதற்கு மருந்தை அவர் எங்கே கண்டார் தெரியுமா? அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், அதாவது பெரிய மளிகைக் கடையில். வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு அலமாரியிலிருந்து எடுக்கிறார். கடைக்காரர் எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி நிரப்புகிறார். இதையே அவர் தொழிற்சாலைக்குள் கொண்டு வந்தார். ஒரு பெட்டி உதிரிபாகம் தீர்ந்தால் அதிலிருக்கும் அட்டை முந்தைய பிரிவுக்குப் போகும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டி செய்வார்கள். அந்த அட்டைக்குக் கன்பான் என்று பெயர்.

இந்த முறைகள் நம் ஊருக்கும் வந்தன. ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 வண்டி உற்பத்தி தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் அந்த வண்டியில் முன்னும் பின்னும் சாக்குக் கட்டி ஓட்டியிருக்கிறோம்! அதே டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கு 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தப் பரிசு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் பெயரால் 1951 முதல் கொடுக்கப்பட்டு வருகிறது. அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த கருத்து ஒன்று உண்டு. வேலையில் வரும் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை, அவர் மதிப்பீட்டில் நூற்றுக்கு 94, வேலை நடக்கும் முறையால் வருபவை. தனி ஆளின் அசட்டையால் வருபவை மிகச் சில. முறையை மாற்றும் அதிகாரம் முதலாளியிடம்தான் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அவருடையதே.

சிப்காட் மதில் சுவருக்கு உள்ளே நடக்கும் இந்தக் காரியம், சுவருக்கு வெளியே பருப்பு விற்கும் நமக்குப் பொருந்துமா? நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறோம்.

இரண்டு சாக்கு, ஒரே பெயர்

நம் பகுதியில் மொத்த மளிகை செய்யும் நண்பர் ஒருவர். துவரம் பருப்பில் மாதா மாதம் மூட்டை குறைந்துகொண்டே வந்தது. வண்டியில் சரக்கு ஏற்றும் பையன் மீது சந்தேகம் விழுந்தது. வந்து மூன்று வருடம் ஆகிறது. தங்கையின் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தான். "கடன்பட்டவன் கை சும்மா இருக்காது" என்று கடையில் பேச்சு. மாதம் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது என்று நண்பர் முடிவு செய்திருந்தார். அதற்கு முன் எங்களையும் இன்னொரு வியாபாரியையும் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

அனுப்புவதை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னோம். மூன்று நாள் ஆர்டர் வருவது முதல் பில் போடுவது வரை கூடவே இருந்து எழுதினோம். போனில் ஆர்டர் வருகிறது. குமாஸ்தா துண்டுச் சீட்டில் "து.ப. 1" என்று எழுதுகிறார். சீட்டு கிடங்குக்குப் போகிறது. பையன் ஒரு மூட்டையை ஏற்றுகிறான். சீட்டு திரும்பி வந்து பில் ஆகிறது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் விஷயம் புரிந்தது. துவரம் பருப்பு அந்தக் கடையில் இரண்டு சாக்கில் வருகிறது. ஒன்று 50 கிலோ, மற்றது 30 கிலோ. சீட்டில் எடை கிடையாது. பையன் கைக்கு எட்டிய அடுக்கிலிருந்து 50 கிலோவை ஏற்றினான். பில் போடுபவர் அந்தக் கடைக்காரர் வழக்கமாக வாங்கும் 30 கிலோவுக்குப் பில் போட்டார். 50 கிலோ மூட்டைகள் குறைந்தன. அப்படியானால் 30 கிலோ மூட்டைகள் ஏட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டுமே! எண்ணிப் பார்த்தோம், இருந்தது. குறைந்ததைத் தேடிய கடையில் கூடியதை யாரும் எண்ணவில்லை.

இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். பருப்பு கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை தவறினால் 20 கிலோ, அதாவது 2,000 ரூபாய். மூட்டைக்கு 50 ரூபாய் லாபம் நிற்கிறது என்றால், அந்த ஒரு தவறை ஈடுகட்ட 40 மூட்டை விற்க வேண்டும்.

செய்த மாற்றம் மிகச் சிறியது. சீட்டில் எண்ணிக்கையோடு எடையும் எழுத வேண்டும். ஏற்றுபவர் சாக்கைப் பார்த்து எடையை உரக்கச் சொல்ல வேண்டும். 50 கிலோவும் 30 கிலோவும் ஒரே சுவரில் அடுக்கக் கூடாது. செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. வாங்கிய கடைக்காரர்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் ஏட்டைப் பார்த்து வித்தியாசத் தொகையைக் கொடுத்தார்கள். மற்றது போனது போனதுதான். பையன் இன்றும் அதே கடையில் இருக்கிறான். ஊரில் ஒரு திருட்டுப் பெயரோடு வேறு வேலை தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். எங்கள் மனதில் நின்றது பணக் கணக்கைவிட அந்தக் கணக்குத்தான்.

இதே பொறி அரிசியிலும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உள்ள பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு 26 கிலோ பைகள் சந்தைக்கு வந்ததை எல்லோரும் அறிவோம். சீட்டில் "அரிசி 10 பை" என்று மட்டும் எழுதினால் எடையும் தவறும், வரியும் தவறும்.

ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்

இந்த ஆய்வுக்கு வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை. நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறோம்.

முதலாவது, அதிகம் ஓடும் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடை முழுவதையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் எதுவும் பிடிபடாது.

இரண்டாவது, அந்தச் சரக்கின் வழியை எழுதுங்கள். கொள்முதல் ஆர்டர், லாரி செட், இறக்குதல், எடை, அடுக்கு, விற்பனைச் சீட்டு, வண்டி, கடைக்காரர் கையெழுத்து, பில், வசூல், பேரேடு என்று ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் ஒரு கட்டம் போட்டு அம்புக்குறி இடுங்கள். நாம் நினைப்பதை எழுதக் கூடாது, நடப்பதைக் கூடவே போய்ப் பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்திலும் நாலு கேள்வி கேளுங்கள். என்ன வந்தது? யார் எழுதினார்? அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? வேலை செய்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். "இந்த வேலையில் உனக்கு எது தொந்தரவாக இருக்கிறது தம்பி?" என்று கேட்டால் நமக்குத் தெரியாத நாலு விஷயம் வெளிவரும். போலீஸ் விசாரணை போலக் கேட்டால் ஒன்றும் வராது.

நான்காவது, எழுத்தே இல்லாத இடம், ஒன்றையே இரண்டு முறை எழுதும் இடம், சும்மா காத்துக் கிடக்கும் இடம் ஆகிய மூன்றையும் சிவப்பில் குறியுங்கள். நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

ஐந்தாவது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து இரண்டு மாதம் பாருங்கள். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

சரக்கு போலவே பணத்தின் வழியையும் எழுதலாம். ஒரு மூட்டை கிடங்கில் 12 நாள் நிற்கிறது, விற்ற பிறகு கடனில் 20 நாள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 நாள். வாங்கிய இடத்தில் நமக்குத் தவணை 7 நாள்தான் என்றால், 25 நாளைக்கு நம் பணமோ வட்டிப் பணமோ முடங்குகிறது. 2 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் 2,500 ரூபாய் போகிறது. விலையில் ஐம்பது பைசாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசும் நாம், இந்த 2,500 ரூபாயைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி வியாபாரிகளுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத சில கட்டங்கள் அதிகம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. லாரி நிற்பது குறைந்தது. ஆனால் எல்லை போய்விடவில்லை, பில்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓசூர்க் கடைக்கு அனுப்பினால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. அதே சரக்கு ஆனேக்கல் கடைக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி. மாநிலம் தாண்டும் வரிக்குரிய சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரி வெளிமாநிலத்துக்கு சரக்கு விற்கவே கூடாது.

இவை எல்லாம் பில் போடும் நேரத்தில் நினைவுக்கு வந்தால் தாமதம். சரக்கு எங்கே இறங்கப் போகிறது என்பது ஆர்டர் எடுக்கும் சீட்டிலேயே இருக்க வேண்டும். சீட்டின் தலைப்பில் "தமிழ்நாடு / கர்நாடகம்" என்று அச்சடித்து, ஒன்றைச் சுழித்துவிட்டால் பில் போடுபவர் ஊகிக்க வேண்டியதில்லை. கணக்கு தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் கையைப் பிசைய வேண்டியதும் இல்லை.

கொள்முதலிலும் அப்படித்தான். கலபுரகியிலிருந்து வரும் துவரையும், பேடகி மிளகாயும் வந்து சேர நாள் ஆகும். நம் கிருஷ்ணகிரிப் புளி பக்கத்திலேயே கிடைக்கும், ஆனால் பருவத்தில் வாங்கி வருடம் முழுவதற்கும் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு செல்லாது. நாளைக்கு 3 மூட்டை விற்கும் சரக்கு, ஆர்டர் சொல்லி வர 4 நாள் ஆகிறது, தாமதத்துக்கு 2 நாள் சேர்த்தால் 6 நாள். ஆக, 18 மூட்டை மிஞ்சும்போது ஆர்டர் போக வேண்டும். அந்தப் பதினெட்டாவது மூட்டையின் மேல் ஒரு அட்டையை வைத்துவிடுங்கள். அட்டை கைக்கு வந்ததும் கிடங்குப் பையன் அதைக் கொண்டு வந்து கல்லாவில் கொடுத்தால் போதும். ஓனோவின் கன்பான் இதுதான். மளிகைக் கடையிலிருந்து போனது மளிகைக் கடைக்கே திரும்பி வருகிறது!

சிப்காட் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சம்பளத் தேதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாத முதல் வாரத்து விற்பனையும் கடைசி வாரத்து விற்பனையும் ஒன்றல்ல. வடமாநிலத் தொழிலாளர்கள் கேட்கும் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் அவர்கள் ஊருக்குப் போகும் பண்டிகை நாட்களில் தேங்கும். தேதிவாரியாக ஆறு மாத விற்பனையை எழுதிப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் எப்போது?

"பில்லிங் மிஷின் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு நாங்கள் விரோதி அல்ல, எங்கள் மண்டியிலும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22இல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் எனப் பல பொருட்களின் வரி 5 சதவீதமாகக் குறைந்தபோது, சரக்குப் பட்டியலை ஒழுங்காக வைத்திருந்த கடைகள் ஒரே இரவில் மாற்றிவிட்டன. பட்டியலே குழப்பமாக இருந்த கடைகளில் மிஷின் இருந்தும் பயனில்லை. எடை எழுதாத சீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் தவறான பில் வேகமாக வரும், அவ்வளவுதான். லயன்ஸ்காரர்கள் இருபது வருடம் வழியைப் பார்த்த பிறகே இயந்திரத்துக்குப் போனார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடையில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசையும். இருப்பைக் குறைத்தால் வட்டி மிச்சமாகும், லாரி வாடகை கூடும். கடன் தவணையைச் சுருக்கினால் பணம் சீக்கிரம் வரும், நாலு வாடிக்கை பிரியும். ஆகவே ஒரு கட்டத்தின் லாபத்தை மட்டும் பார்க்காமல் முழு வழியின் லாபத்தைப் பார்க்க வேண்டும். முறைமை ஆய்வு என்பதன் சாரமே இதுதான். இதைச் செய்தால் எல்லா நஷ்டமும் தீரும் என்றும் சொல்லவில்லை. விலை இறங்கும்போது நஷ்டம் வரத்தான் செய்யும். பெரிய கம்பெனிகளின் கடைகளும், பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகளும் போட்டிக்கு நிற்கின்றன. சந்தை விலை நம் கையில் இல்லை. நம் கிடங்கு வாசலுக்கும் கல்லாவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் நம் கையில்தான் இருக்கிறது.

எனவே நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற வாரம் உங்கள் கடையில் ஒரே ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்து, அது வந்து இறங்கியது முதல் அதன் பணம் கல்லாவில் விழும் வரை கூடவே போய் எழுதுங்கள். யாரையும் சந்தேகப்பட வேண்டாம், யாரையும் அதட்டவும் வேண்டாம். எழுதிய நோட்டை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பத்துக் கடை நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவர் கண்ட வழி மற்ற ஒன்பது பேருக்கும் பயன்படும்.